இரவு குளிராத ஊரில்

நெடுந்தீவில் வந்தேறிகளுக்குக் குறைவில்லை. ஆபிரிக்காவின் வரண்ட நிலத்துக்குரிய பெருக்குமரம் அங்கே பலர் கைகோத்துச் சுற்றிப் பிடிக்கும் அளவுக்குப் பருத்து நிற்கிறது. போர்த்துக்கேயர் காலத்தில் வந்திறங்கிய குதிரைகளின் வாரிசுகள் இன்றும் வெட்டவெளியில் மேய்ந்து திரிகின்றன. லாயமும் இல்லை, கொள்ளும் இல்லை. ஆனாலும் குட்டி போடுகின்றன. கடல் கடந்து வந்தது இந்த மண்ணில் தங்காது என்று அந்தத் தீவில் நின்றுகொண்டு யாரும் சொல்ல முடியாது.

ஆனால் நுவரெலியாவில் வாங்கிய ஒரு ஓர்க்கிட் சாடி தங்காது. நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 300 கிலோமீற்றர்தான் தூரம். ஏப்ரல் விடுமுறைக்கு மலைநாடு பார்க்கப் போகிறவர்கள், ஹக்கல பூங்காவைச் சுற்றிவிட்டு, வழியில் ஒரு நாற்றுமேடையில் ஆசைப்பட்டு வாங்குவார்கள். இரவு பஸ்ஸில் மடியில் வைத்தபடி யாழ்ப்பாணம் வந்து, வேலணை என்றால் இன்னொரு பஸ், நயினாதீவு நெடுந்தீவு என்றால் குறிகட்டுவானில் படகு என்று ஒரு இலைகூட முறியாமல் வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

முதல் மாதம் எதுவும் தெரியாது. மலையில் சேர்த்துக்கொண்டு வந்த சத்து செடியில் இருக்கும். அதன்பிறகு இலை நுனி கருகத் தொடங்கும். புதிதாக வரும் முளை, போன வருடத்து முளையைவிடச் சின்னதாக நிற்கும். வீட்டுக்காரர் "தண்ணி காணாது" என்று இன்னொரு செம்பு ஊற்றுவார். பக்கத்து வீட்டார் "கண்ணூறு பட்டிட்டுது" என்பார்கள். ஐப்பசி மழை வருவதற்குள், செடியைப் பிடித்து மெல்ல இழுத்தால் வேரில்லாமல் கையோடு வந்துவிடும்.

வெயிலால் சாகவில்லை, விறாந்தை நிழலில்தான் வைத்திருந்தார்கள். தண்ணீர் இல்லாமலும் சாகவில்லை. பூச்சியும் இல்லை. இது மூச்சுத் திணறிச் செத்த செடி. ஈரத்தை விரும்பும் ஒரு செடி ஈரத்திலேயே எப்படி மூச்சுத் திணறும் என்பதை விளங்கிக்கொண்டால், சாடி மாற்றுவது எதற்கு, எப்போது, எப்படி என்பதெல்லாம் தானாக விளங்கும்.

மேகத்துக்குள் ஒரு வீடு

இலங்கையில் 180க்கும் மேற்பட்ட ஓர்க்கிட் இனங்கள் இயற்கையாக வளர்கின்றன. அவற்றில் குளிரும் ஈரமும் ஒருங்கே கேட்கும் கூட்டம் மலை உச்சிக் காடுகளில் இருக்கிறது. எடுத்துக்காட்டுக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்வோம்: சீலோஜினே ஓடோராட்டிசிமா. நமது மத்திய மலைநாட்டிலும், அக்கரையில் நீலகிரி, பழனி மலைகளிலும் மரக்கிளைகளில் பாசியோடு பாசியாகப் படர்ந்து வளரும். தண்டின் அடியில் விரல்நுனி அளவில் பச்சைக் குமிழ்கள். ஒவ்வொரு குமிழின் தலையிலும் இரண்டு மெல்லிய இலைகள். பூ வெள்ளை, உதட்டில் மஞ்சள், நல்ல வாசம்.

இந்தச் செடியின் வீடு எப்படிப்பட்டது? மத்திய மலைநாட்டிலுள்ள ஹோட்டன் சமவெளி கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீற்றர் ஏறும்போதும் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். யாழ்ப்பாணத்தின் ஆண்டுச் சராசரி 28 பாகைக்குக் கிட்ட. அதிலிருந்து 2,100 மீற்றருக்குரிய 13.65 பாகையைக் கழித்தால் 14 வருகிறது. சமவெளியின் ஆண்டுச் சராசரி 13 பாகை அளவில் இருக்கிறது. ஒரு கழித்தல் கணக்கு இவ்வளவு நெருங்கி வருவது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய சங்கதி. தை மாசி விடியற்காலைகளில் அங்கே புல்லில் உறைபனியும் விழும்.

மழை மட்டும் அந்தக் காட்டை நனைப்பதில்லை. மேகமே காட்டுக்குள் புகுந்து நடக்கிறது. இலையிலும் பாசியிலும் முட்டும் நுண்ணிய துளிகள் திரண்டு சொட்டுகின்றன. கிளையில் ஒட்டியிருக்கும் வேர் நாளுக்குப் பலமுறை நனையும். ஆனால் ஒருபோதும் தண்ணீருக்குள் நிற்காது. நனைந்த வேரைச் சுற்றிக் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரில் உப்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. கிட்டத்தட்ட வடித்தெடுத்த நீர்.

நெடுந்தீவு, வேலணை போன்ற தீவுகள் அடங்கிய தீவகத்தில் வைகாசி ஆனி மாதங்களில் நள்ளிரவிலும் வெப்பம் 26, 27 பாகைக்குக் கீழே இறங்க மறுக்கும். கடல் சூழ்ந்த இடம் என்பதால், உள்நாட்டில் இரவு தரும் ஆறுதல்கூட இங்கே குறைவு. மார்கழி தையில்தான் கொஞ்சம் இறங்கும். அப்போதும் 22, 23. மலைச்செடிக்கு அது நடுப்பகல் சூடு.

இரவுச் செலவு

இலை பகலில் வெயிலைக்கொண்டு காபனீரொட்சைட்டிலிருந்து வெல்லம் செய்கிறது. சுவாசம் அப்படியல்ல, இரவு பகல் பாராது நடக்கும். செய்த வெல்லத்தை எரித்துத்தான் செடி உயிர்வாழ்கிறது. சுவாசத்தின் வேகம் வெப்பத்தோடு ஏறும். பொதுவான கணக்கு, 10 பாகை கூடினால் ஏறத்தாழ இரட்டிப்பு. 13 பாகைக்கும் 26 பாகைக்கும் இடையிலே இரண்டரை மடங்கு வித்தியாசம். நாட்கூலிக்குப் போகிறவர் பகலெல்லாம் உழைத்ததை இரவுச் சாப்பாட்டுக்கே முழுதாகக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு விடிவதைப் போன்றது மலைச்செடியின் தீவு வாழ்க்கை. சில வாரங்களில் செடி தன் சுவாசத்தை ஓரளவு குறைத்துக்கொள்ளப் பார்க்கும். ஓரளவுதான். புது முளை சிறுத்துப் போவது இதனால். மிச்சம் பிடித்து வளர்க்க ஒன்றும் இல்லை.

பட்டினி மெல்லக் கொல்லும். வேகமாகக் கொல்வது வேரில் நடக்கிறது.

வேருக்கும் ஒட்சிசன் வேண்டும். ஈரமான சாடிக்குள் அந்த ஒட்சிசன் தண்ணீரில் கரைந்துதான் வேரை அடைய முடியும். இங்கே இரண்டு கணக்குகள் ஒன்றுக்கொன்று எதிராகப் போகின்றன. 13 பாகைத் தண்ணீர் ஒரு லீற்றரில் 10.5 மில்லிகிராம் ஒட்சிசன் வரை கரைத்து வைத்திருக்கும். 27 பாகைத் தண்ணீர் 8 மில்லிகிராமோடு நின்றுவிடும். வெப்பம் ஏறும்போது வேர் கேட்பது இரண்டரை மடங்கு. தண்ணீர் கொடுப்பதோ முக்கால் பங்கு. போதாக்குறைக்கு, நீருக்குள் ஒட்சிசன் நகரும் வேகம் காற்றில் நகர்வதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. வேரைச் சுற்றியிருந்த ஒட்சிசன் தீர்ந்தால் அடுத்தது வந்து சேர நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் வேர்க்கலங்கள் சாகும். செத்த கலத்தைத் தின்ன பங்கசுகளும் பற்றீரியாக்களும் வரும், அவையும் சுவாசிக்கும், மிச்சமிருந்த ஒட்சிசனையும் குடித்துவிடும்.

ஆகவே குளிர்ந்த ஈரம் அந்தச் செடிக்கு உணவு, சூடான ஈரம் நஞ்சு. "ஈரத்தை விரும்பும் செடி" என்று நாற்றுமேடைக்காரர் சொன்னது பொய்யல்ல. எந்த வெப்பத்தில் என்பதைச் சொல்லாமல் விட்டார்.

இந்தப் பாடத்தை முதலில் பெருஞ்செலவில் படித்தவர்கள் ஆங்கிலேயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில், தென்னமெரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் கப்பல் கப்பலாக ஓர்க்கிட்டுகளை இறக்கினார்கள். வெப்பவலயச் செடி என்றால் வெப்பம் கேட்கும் என்று ஒரே முடிவாக எடுத்து, கண்ணாடி வீட்டைப் பூட்டி, அடுப்பு மூட்டி, நீராவி நிரப்பி வைத்தார்கள். அந்தீசு மலையின் 3,000 மீற்றர் உயரத்திலிருந்து வந்த மஸ்தெவாலியாவும் அதே அடுப்பு வீட்டுக்குள்தான். செத்தவற்றுக்குக் கணக்கில்லை. செடி எந்த நாட்டில் பிடுங்கியது என்று எழுதிவைத்த சேகரிப்பாளர்கள் எந்த உயரத்தில் பிடுங்கியது என்று எழுதவில்லை. பிறகு கதவைத் திறந்துவிட்டுக் காற்றோட்டம் கொடுத்தவர்களின் செடிகள் பிழைத்தன. 1864இல் ஆங்கிலேய ஓர்க்கிட் ஆர்வலர் ஜேம்ஸ் பேற்மன் குளிர் ஓர்க்கிட் வளர்ப்புக்கென்றே ஒரு கைந்நூல் வெளியிட்டார். அடுப்பை அணைப்பது செலவில்லாத வேலை என்பதால் அந்த முறை வேகமாகப் பரவியது என்பது என் ஊகம்.

நமக்கு நிலைமை எதிர்ப்பக்கம். அணைக்க அடுப்பு இல்லை.

"ஐஸ் கட்டி ரெண்டு வைச்சா என்ன தம்பி? பிரிஜ்ஜில சும்மாதானே கிடக்குது" என்று வேலணையில் ஒரு மாமி கேட்டார். "குளிரும் மாமி, கொஞ்ச நேரத்துக்கு" என்றேன். கேள்வி நல்ல கேள்விதான். கணக்குப் போட்டே பார்க்கலாம். 20 கிராம் ஐஸ் கட்டி உருகி, உருகிய நீர் 27 பாகைக்கு வருவதற்குள் ஏறத்தாழ 9 கிலோயூல் வெப்பத்தை உறிஞ்சும். அரைக் கிலோ ஈரப்பாசி உள்ள சாடியில் அது 4 பாகை இறக்கம். வெளிக்காற்று அந்த 4 பாகையைச் சுணங்காமல் திருப்பிக் கொடுத்துவிடும். இரவு முழுக்க 13 பாகையில் வைத்திருக்க வேண்டுமென்றால் மாமி விடியும்வரை விழித்திருந்து ஐஸ் வைக்க வேண்டும்.

மண்சாடி இதைவிட நல்ல யோசனை. ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது அப்படித்தான். ஆனால் அதற்கு ஓர் அடிமட்டம் உண்டு, அதைக் காற்றின் ஈரம் தீர்மானிக்கும். 27 பாகை, 80 வீத ஈரப்பதன் உள்ள ஒரு தீவக இரவில், எவ்வளவு நுண்துளை உள்ள மண்சாடியானாலும் 24 பாகைக்குக் கீழே போகாது. இராசத்தானில் வரண்ட காற்று. மண்பானை சில்லென்று குளிரும். நயினாதீவில் காற்றே பாதி கடல். மிஞ்சுவது ஏசி அறை. 16 பாகைக்கு இறக்கலாம்தான். அதே இயந்திரம் காற்றிலுள்ள ஈரத்தையும் வடித்து வெளியே ஊற்றிவிடும். பிறகு ஈரம் ஊட்ட இன்னொரு இயந்திரம் வேண்டும். ஒரு பூவுக்கு அவ்வளவு கரண்ட் பில் கட்டுகிறவரை நான் தடுக்கப்போவதில்லை.

சாடி மாற்றுதல்: மலையில் இருப்பவர்க்கும் கடல் கடந்தவர்க்கும்

ஊரிலிருப்பவர்க்குக் கிடைக்காத அந்தக் குளிர்ந்த இரவு, ஊரைவிட்டுப் போனவர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. புங்குடுதீவிலும் வேலணையிலும் பிறந்து இன்று லண்டன், ஒஸ்லோ, ரொறன்ரோ என்று வாழ்பவர்களின் வீட்டில், சூடு போடாத ஓர் அறையின் யன்னல் திண்ணை போதும். நுவரெலியா, ஹற்றன், ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். வீட்டு இறவாரமே போதும். இனி வருவது அவர்களுக்கு.

சாடியை ஏன் மாற்ற வேண்டும்? செடி பெரிதாகிவிட்டது என்பது பாதிக் காரணம். பெரிய காரணம், உள்ளே போட்டிருக்கும் பட்டைத்துண்டும் பாசியும் மக்குவது. புதிதாகப் போடும்போது துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் காற்று நிற்கும் வெளி இருக்கும். ஒன்றிரண்டு வருடத்தில் துண்டுகள் நொறுங்கித் தூளாகி அந்த வெளியை அடைத்துவிடும். பிறகு ஊற்றும் தண்ணீர் இறங்காமல் தேங்கும். குளிர் ஊரிலேயே சாடிக்குள் ஒரு குட்டித் தீவகம் உருவாகிவிடுகிறது. சாடி மாற்றுவது என்பது வேருக்குக் காற்றைத் திருப்பிக் கொடுப்பது; அந்த நோக்கத்தை மனதில் வைத்தால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

காலம் முக்கியம். பூவோடு நிற்கும்போது கை வைக்கக் கூடாது. புது முளை வந்து, அதன் அடியில் புது வேர்நுனிகள் அரை அங்குலம் எட்டிப்பார்க்கும் வேளைதான் சரியான வேளை. ஓர்க்கிட் வேரின் நுனி முறிந்தால் அந்த வேர் அதே நுனியிலிருந்து திரும்ப நீளாது. பின்னாலிருந்து கிளை விட்டால் உண்டு. ஆகவே நுனிகள் நீளமாகி முறிய வாய்ப்பு வருவதற்கு முன்னும், செடிக்குப் புது வேர்ப்பலம் உறுதியான பின்னும் உள்ள அந்தச் சின்ன இடைவெளியைப் பிடிக்க வேண்டும். குளிர்நாடுகளில் அது பெரும்பாலும் இளவேனில். கோடை வெப்பம் வருமுன் வேர் பிடித்துவிட வேண்டும்.

முதல்நாளே நன்றாக நனைத்து வைத்தால் வேர் வளையும், முறியாது. மறுநாள் சாடியைச் சரித்து, பக்கங்களைத் தட்டி, செடியை வெளியே எடுங்கள். முதலில் மூக்கை நம்புங்கள். நல்ல சாடி காட்டுமண் மணக்கும். கெட்டது சேற்று நாற்றம் அடிக்கும். பிறகு வேரை விரலால் தொட்டுப் பாருங்கள். உயிருள்ள வேர் வெள்ளையாக, இறுக்கமாக இருக்கும். செத்த வேரை இரு விரலால் பிடித்து இழுத்தால் வெளித்தோல் உறையாகக் கழன்று வந்து, உள்ளே நூல் போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். கழன்று வந்த அந்த உறைக்கு வெலமன் என்று பெயர். செடி உயிரோடு இருக்கும்போதும் அந்தப் படையின் கலங்கள் செத்தவைதான். உள்ளே வெறும் காற்று. அதனால்தான் காய்ந்த ஓர்க்கிட் வேர் வெள்ளி நிறத்தில் மினுங்குகிறது. தண்ணீர் பட்டதும் காற்று வெளியேறி நீர் புகுந்து, உள்ளிருக்கும் பச்சை தெரியும். ஒரு வெள்ளை வேரில் துளி நீர் விட்டு, கண்முன்னாலேயே அது பச்சையாவதைப் பாருங்கள். பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டலாம்.

செத்த வேர்களை வெட்டும் கத்தியை நெருப்பில் வாட்டிக்கொள்வது கட்டாயம். சிம்பிடியம் மொசேக் வைரசு போன்றவை ஒரு செடியின் சாறு பட்ட கத்தி வழியாக அடுத்த செடிக்குப் போகும். வந்தால் மருந்து கிடையாது.

இனிப் பெரும்பாலானோர் தவறும் இடம். ஆசையில் பெரிய சாடி எடுப்பார்கள். பெரிய சாடியில் வேர் எட்டாத மூலைகளில் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். அடுத்த இரண்டு வருட வளர்ச்சிக்கு இடம் இருந்தால் போதும்; அதற்கு மேல் ஒரு விரல்கூட வேண்டாம். உள்ளே நிரப்ப, சிறு பட்டைத் துண்டுகளோடு பேர்லைற்றும் கொஞ்சம் ஸ்பாக்னம் பாசியும் கலப்பது வெளிநாட்டு வழக்கம். இலங்கையில் பொச்சுமட்டைத் துண்டும் கரியும் ஓட்டுத் துண்டும் கைக்கெட்டும். பொச்சுமட்டையை மட்டும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை ஊற்றி, திரும்பவும் ஊறவைத்து எடுக்க வேண்டும். அதில் பொற்றாசியமும் உப்பும் தங்கியிருக்கும், உவர்நீரில் ஊறிய மட்டை என்றால் இன்னும் கூடுதலாக. மரப்பன்னத் தண்டைச் சீவிப் போடும் பழைய பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. காட்டில் அந்த மரங்கள் அருகிவருகின்றன.

செடியை நடும்போது படர்தண்டு மேலே தெரிய வேண்டும், புதைக்கக் கூடாது. பழைய குமிழ்களைச் சாடியின் ஓரத்தில் சாய்த்து, முளை ஓடும் திசையில் இடம் விடுங்கள். ஒரு குச்சியோ கம்பியோ வைத்து அசையாமல் கட்டுங்கள். ஆடும் செடியில் புது வேர்நுனிகள் உரசிச் சாகும். பிறகு ஒரு பத்து நாளுக்குக் காற்றில் ஈரம் கூடுதலாக, சாடிக்குள் தண்ணீர் குறைவாக. பசளை, வேர் ஓடிய பிறகுதான். அதுவும் பொதியில் எழுதியிருப்பதில் கால் பங்கு.

சீலோஜினே இனத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு: தொந்தரவு பிடிக்காது. வேரைக் குலைத்தால் ஒரு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பூக்காமல் இருக்கும். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து ஊரெல்லாம் கொடுக்க நினைப்பவர் தானும் பூப் பார்க்க மாட்டார், வாங்கியவரும் பார்க்க மாட்டார். உள்ளே வேர் நன்றாக இருந்தால், கட்டு கலைக்காமல் அப்படியே ஒரு சுற்றுப் பெரிய சாடிக்குள் இறக்கி ஓரங்களை நிரப்பினால் போதும். முளையின் இலைக்கிண்ணத்தில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். ஒரே இரவில் அழுகும். மஸ்தெவாலியாவுக்கு நீர் சேமிக்கும் குமிழே கிடையாது, அதனால் அதைக் காயவிட முடியாது. ஆனால் சாடி மாற்றுவதை அது பொறுக்கும், வருடாவருடம் மாற்றலாம். இலை சுருக்கமாக விசிறி மடிப்போடு வரும் மில்டோனியோப்சிஸ் ஓர்க்கிட்டைக் கண்டால், அந்த இலை வளர்ந்த வாரங்களில் தண்ணீர் குறைந்தது என்று பொருள். மடிப்பு பிறகு நிமிராது. அடுத்த இலையைத்தான் நேராக வளர்க்கலாம்.

தண்ணீருக்கு வருவோம். இங்கே ஒரு வேடிக்கை. தீவகக் கிணற்றுநீரும் லண்டன் குழாய்நீரும் ஒரே குற்றம் செய்கின்றன. யாழ்ப்பாணமும் தீவுகளும் சுண்ணக்கல் மேல் உட்கார்ந்திருக்கின்றன. லண்டனைச் சுற்றி வெண்சுண்ணப் பாறை. இரண்டிடத்திலும் தண்ணீர் கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கேத்தலுக்குள் படியும் வெள்ளைப் படை அதன் சாட்சி. ஸ்பாக்னம் பாசி, தண்ணீரிலிருக்கும் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்கு ஐதரசன் அயனை விடுகிறது. அப்படி வரும் அமிலத்தன்மைதான் பற்றீரியாக்களை ஒதுக்கி வைத்துப் பாசியை நெடுநாள் காக்கிறது. கடின நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் பாசியின் கை நிறைந்துவிடும். கொஞ்ச நாளில் வழுவழுத்துக் கூழாகும். ஒஸ்லோக்காரருக்கு இந்தக் கவலை குறைவு, அங்கே குழாய்நீர் மென்னீர். லண்டன்காரர் கூரையிலிருந்து ஒரு வாளி வைத்து மழைநீர் பிடிக்கட்டும்.

தீவகத்தில் கல்சியத்தோடு கடலும் சேர்ந்துவிடுகிறது. நம் கிணற்று நல்ல தண்ணீர், சுண்ணக்கல்லின் துளைகளுக்குள் உவர்நீருக்கு மேலே மிதக்கும் ஒரு மெல்லிய படை. கடல்மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. மேலே ஓர் அடி வற்றினால் கீழே நாற்பது அடி உவர் ஏறிவரும் என்பதும் அதே கணக்குத்தான். மோட்டர் போட்டு இறைக்கும் கிணறு சித்திரை வைகாசியில் சவர்க்கிறது இதனால். அந்த நீரிலுள்ள உப்பு இலை வரை ஏறி, நீர் ஆவியாகிப் போகும் நுனியில் தங்கிவிடும். இலை நுனி முதலில் கருகுவதன் காரணம் அது. மழைநீரோ இலவசம்: 50 சதுரமீற்றர் கூரையில் 20 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1,000 லீற்றர். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கூரை முழுக்கக் கடலுப்பு படிந்திருக்கும். ஆகவே ஐப்பசியின் முதல் மழையை ஓடவிட்டு, பிறகு பிடியுங்கள்.

தீவுக்குரிய பூ

பிடித்த மழைநீரை எந்த ஓர்க்கிட்டுக்கு ஊற்றுவது? வரண்ட வலயத்துக்கென்றே ஓர்க்கிட்டுகள் உண்டு. வாண்டா டெசெலாட்டா தென்னிந்தியச் சமவெளியிலும் இலங்கையின் உலர் தாழ்நிலத்திலும் மரங்களில் வளர்வது; இதழில் மங்கிய கட்டம் போட்ட கோலம், உதடு ஊதா, வாசமும் உண்டு. வாண்டா ஸ்பாத்துலாட்டா உலர் பற்றைக்காட்டில் செடிகொடிகள் மேல் ஏறிப் படர்ந்து மஞ்சளாகப் பூக்கும். இவற்றின் இலை தடித்த தோல் போன்றது. கற்றாழை செய்வதையே இவையும் செய்கின்றன: பகலில் இலைவாய்களை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காபனீரொட்சைட்டை வாங்கி அமிலமாகச் சேமித்து, விடிந்ததும் வெயிலில் அதை வெல்லமாக்குகின்றன. வெக்கையில் நீர் போகாது. மலைச்செடிக்குச் செலவு மட்டும் வைக்கும் அதே இரவில் வாண்டா வரவும் வைக்கிறது.

இதற்குச் சாடியே வேண்டாம். மரச்சட்டக் கூடையில் நாலு கரித்துண்டு போட்டு விறாந்தை ஓரம் தொங்கவிடலாம். பூவரசிலோ வேம்பிலோ தும்புக்கயிற்றால் கட்டிவிடலாம். வேர் வெளியே தொங்கட்டும். சோளகக் காற்றின் உப்பு நேரே அறையாத பக்கமாகப் பாருங்கள். நெடுந்தீவு வளவுகளில் பவளக்கல் மதிலின் உட்பக்கம் நல்ல மறைப்பு. காலையில் வேர் வெள்ளியிலிருந்து பச்சையாகும் வரை நனைத்தால் அன்றைய வேலை முடிந்தது. வேர்நுனியில் வெள்ளைப் படலம் கண்டால் தண்ணீரில் உப்பு என்று அர்த்தம், மழைநீரால் கழுவுங்கள். கூடை உக்கினால் வேரைப் பிய்க்காமல் கூடையோடு தூக்கி அடுத்த கூடைக்குள் வைத்துவிடலாம்.

மலைச்செடிக்கு மலையிலும் இனி நிம்மதி இல்லை. வெப்பம் 1 பாகை ஏறினால் அதே குளிரைத் தேடி ஏறத்தாழ 150 மீற்றர் மேலே போக வேண்டும். ஹோட்டன் சமவெளிக்கு மேலே இந்த நாட்டில் மிச்சமிருக்கும் உயரம் சில நூறு மீற்றர்தான். மிக உயர்ந்த பிதுருதலாகலையே 2,524 மீற்றரோடு முடிந்துவிடுகிறது. ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. அங்கே ஒரு கிளையிலிருந்து ஒரு குமிழைப் பிடுங்குவதும் குற்றம். ஓர்க்கிட் குடும்பம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் பெட்டிக்குள் வைத்து விமானம் ஏற்றுவதும் குற்றமே. வாண்டாவையும் காட்டு மரத்திலிருந்து கழற்றாமல், நாற்றுமேடையில் வளர்த்ததையே கேட்டு வாங்குங்கள்.

அடுத்த முறை நுவரெலியாவில் ஒரு சாடி கண்ணைப் பறித்தால், விலை கேட்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது காட்டில் எந்த உயரத்தில் வளர்வது, இரவில் எத்தனை பாகைக்கு இறங்க வேண்டும்? 18க்குக் கீழே என்று பதில் வந்தால், ஒரு படம் எடுத்துக்கொண்டு சாடியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.